பிளஸ் ஆற்றுச் சேறு எந்த மலையிலிருந்து வருகிறது?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நல்ல மழை பெய்த மறுநாள் பிளஸ் ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் சிவந்து, கனத்து, கிளையும் குப்பையுமாக ஓடும். அன்று ஒட்டுக்கடையில் தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் பேச்சு சூடாகிவிடும். "மேல காட்ட வெட்டுறாங்க, அந்த மண்ணுதான் இது" என்பார் ஒருவர். "காடு இல்லண்ணே, தோட்டத்துல மறுநடவு. பழைய செம்பனைய சாச்சிட்டு மொட்டையா போட்டு வெச்சிருக்காங்க" என்பார் அடுத்தவர். பழைய ஈயக்குட்டையின் கரை உடைந்திருக்கும் என்பார் மூன்றாமவர். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் யார் சொல்வது சரி என்று எதை வைத்து முடிவு செய்வது?

அந்தச் சேற்றிலேயே ஒரு பிடி எடுத்து, அது எந்தப் பாறையிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதில் உள்ள சில தனிமங்களின் ஐசோடோப்பு விகிதத்தை அளப்பதுதான் அந்த வழி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் இதைச் செய்ய முடியும் என்றாலும், அடிப்படைக் கருத்து படிவம் நான்கு மாணவருக்கும் புரியக்கூடியது. புரிந்துகொண்டால் நம் ஊர் ஆற்றைப் பற்றி இன்னும் நல்ல கேள்விகளைக் கேட்கலாம்.

முதலில், நிறத்தைப் பார்த்து ஏன் சொல்ல முடியாது? "சார், ரொம்ப சிவப்பா இருந்தா அது இந்த மலை, கொஞ்சம் மஞ்சளா இருந்தா அந்த மலைன்னு வெச்சுக்கலாமா?" என்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டு வெயிலும் மழையும் எந்தப் பாறையையும் சும்மா விடுவதில்லை. கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மக்கி வெள்ளைக் களிமண்ணாகிவிடும். இரும்பு உள்ள கனிமங்கள் துருவேறிச் சிவந்துவிடும். தகடு தகடாகப் பிரியும் சிஸ்ட் பாறைக்கும் இதே கதிதான். வெவ்வேறு பாறைகள் கடைசியில் ஏறத்தாழ ஒரே செம்மண்ணாக வந்து நிற்கின்றன. வேதியியல் அளவுகளும் பெரிதாக உதவுவதில்லை. சோடியமும் கால்சியமும் கரைந்து தண்ணீரோடு போய்விடும், அலுமினியமும் இரும்பும் தங்கிவிடும். ஆகவே சேற்றில் இருக்கும் தனிம அளவுகள் தாய்ப்பாறையின் அளவுகளாக இருப்பதில்லை.

அப்படியானால் பாறை மக்கினாலும், நொறுங்கினாலும், ஆற்றில் நூறு கிலோமீட்டர் உருண்டாலும் அதிகம் மாறாத ஒன்று வேண்டும். அதற்கு அணுவுக்குள் போக வேண்டியிருக்கிறது.

ஒரு தனிமத்தின் எல்லா அணுக்களிலும் புரோட்டான் எண்ணிக்கை ஒன்றுதான். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் கூடலாம், குறையலாம். அப்படி எடையில் வேறுபடும் அணுக்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கையில் அதற்கு 84, 86, 87, 88 என்று நான்கு ஐசோடோப்புகள். நான்கும் நிலையானவை, தாமாகச் சிதைவதில்லை. ஆனால் 87-இன் அளவு மட்டும் காலப்போக்கில் கூடிக்கொண்டே போகிறது. காரணம் ரூபிடியம். ரூபிடியம்-87 அணுவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது அது ஸ்ட்ரான்சியம்-87 ஆகிவிடுகிறது. மிக மெதுவான வேலை இது. இருக்கும் ரூபிடியம்-87-இல் பாதி சிதைவதற்கு ஏறத்தாழ 49.6 பில்லியன் ஆண்டுகள் ஆகும். பூமியின் வயதே 4.54 பில்லியன்தான். அதாவது பூமி உருவானபோது இருந்த ரூபிடியம்-87-இல் நூற்றுக்கு ஆறு பங்குதான் இதுவரை சிதைந்திருக்கிறது.

ஸ்ட்ரான்சியம்-86 கூடுவதில்லை. அதனால் 87-ஐ 86-ஆல் வகுத்துப் பார்த்தால், அந்தப் பாறையில் எவ்வளவு ரூபிடியம் இருந்தது, எவ்வளவு காலமாக இருந்தது என்ற இரண்டும் சேர்ந்த ஓர் எண் கிடைக்கும். ரூபிடியம் வேதியியலில் பொட்டாசியத்தின் குணம் கொண்டது, பொட்டாசியம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மைக்காவும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த கிரானைட்டில் அது அதிகம். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் குணம் கொண்டது, அதனால் சுண்ணாம்புக்கல்லில் நிறைய இருக்கும். ஆனால் சுண்ணாம்புக்கல்லில் ரூபிடியம் கிட்டத்தட்ட இல்லை.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே எழும் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட், 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அப்படி ஒரு கிரானைட் உறைந்தபோது அதன் விகிதம் 0.715 என்றும், அதில் ஸ்ட்ரான்சியத்தைவிட ரூபிடியம் மூன்று மடங்கு என்றும் வைத்துக்கொண்டால், 210 மில்லியன் ஆண்டுகளில் விகிதம் 0.740-ஐத் தொட்டுவிடும். இன்னொரு பக்கம், தெற்கே சிம்மோர், ஈப்போ வழியாகக் கிந்தா பள்ளத்தாக்கில் நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள். அவை பழைய கடலடியில் உருவானவை. உருவான நாளில் கடல்நீரில் இருந்த விகிதம் அப்படியே அவற்றில் தங்கிவிட்டது. கடந்த 500 மில்லியன் ஆண்டுகளில் கடல்நீரின் விகிதம் ஏறத்தாழ 0.707-க்கும் 0.709-க்கும் இடையேதான் ஏறி இறங்கியிருக்கிறது. இன்றைய கடலில் 0.7092. கடலடி எரிமலைப் பாறையான பசால்ட்டில் இன்னும் குறைவு, 0.703 அளவில்.

0.74, 0.71, 0.70 என்று பார்க்கும்போது வித்தியாசம் கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் இதை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஐந்தாவது தசம இடம்வரை பிரித்துச் சொல்லும். அந்தக் கருவியின் கண்ணுக்கு இவை ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன.

இந்த விகிதம் ஏன் மாறாமல் தப்பிக்கிறது? ஸ்ட்ரான்சியம்-86-க்கும் 87-க்கும் வேதியியல் குணம் ஒன்றுதான். ஒரு கனிமம் கரையும்போது இரண்டும் அதே விகிதத்தில் வெளியேறுகின்றன. எடை வேறுபாட்டால் மிக நுண்ணிய பிரிவு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. 86-க்கும் 88-க்கும் உள்ள விகிதத்தை 0.1194 என்று நிலையாக வைத்து, அளவீட்டை அதற்கு ஏற்பச் சரிசெய்வார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நிறைய விளக்கங்களில் இதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். பாறை என்பது ஒரே பொருள் அல்ல, பல கனிமங்களின் கூட்டு. கிரானைட்டில் மைக்காவின் விகிதம் மிக அதிகம், கால்சியம் உள்ள ஃபெல்ட்ஸ்பாரின் விகிதம் குறைவு. முதலில் மக்கிப் போவது அந்தக் கால்சிய ஃபெல்ட்ஸ்பார். ஆகவே மிஞ்சி ஆற்றுக்கு வரும் களிமண்ணின் விகிதம் தாய்ப்பாறையைவிடக் கூடுதலாக இருக்கலாம். மணலை அளந்தால் ஒரு விடை, அதே இடத்துச் சேற்றை அளந்தால் இன்னொரு விடை. ஸ்ட்ரான்சியத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

அதனால்தான் நியோடிமியம் என்ற தனிமத்தையும் கூடவே அளக்கிறார்கள். சமேரியம்-147 சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. இதன் அரை ஆயுள் 106 பில்லியன் ஆண்டுகள், ரூபிடியத்தைவிடவும் மெதுவானது. சமேரியம், நியோடிமியம் இரண்டுமே அரிய மண் தனிமங்கள், குணத்தில் கிட்டத்தட்ட ஒன்று. பாறை மக்கினாலும், துகள் பெரியதானாலும் சிறியதானாலும், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கும். ஆகவே நியோடிமியத்தின் விகிதம் தாய்ப்பாறையை மிக நேர்மையாகக் காட்டும். 143-க்கும் 144-க்கும் உள்ள விகிதத்தை அப்படியே எழுதினால் 0.51 என்று ஆரம்பித்து எல்லாப் பாறையும் ஒன்றாகத் தெரியும். அதனால் பூமியின் ஆரம்பகாலக் கலவைக்குச் சமமாகக் கருதப்படும் விண்கற்களின் மதிப்போடு ஒப்பிட்டு, பத்தாயிரத்தில் எத்தனை பங்கு வித்தியாசம் என்று எழுதுகிறார்கள். இதற்கு எப்சிலான் நியோடிமியம் என்று பெயர். பூமியின் உள்ளடுக்கிலிருந்து அண்மையில் வந்த கடலடிப் பசால்ட்டுக்கு அது +10 அளவில் இருக்கும். பழைய கண்டப் பாறைகளுக்கு −10, −20, சில இடங்களில் −30-க்கும் கீழே போகும். எண் எவ்வளவு கீழே போகிறதோ, பாறையின் பூர்விகம் அவ்வளவு பழையது.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு தீபகற்ப மலேசியாவின் வரைபடத்தைப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். நாம் ஒரே நிலமாக நினைக்கும் இந்தத் தீபகற்பம் உண்மையில் இரண்டு நிலத்துண்டுகள் ஒட்டியது. நடுவில் இருந்த பழைய டெத்திஸ் கடல் மூடிக்கொண்டபோது, சிபுமாசு என்ற மேற்குத் துண்டும் கிழக்குத் துண்டும் மோதி இணைந்தன. அந்த ஒட்டுக் கோடு பெந்தோங், ரவூப் வழியாக வடக்கு தெற்காக ஓடுகிறது. கோட்டுக்கு மேற்கே உள்ள தித்திவங்சா கிரானைட், பழைய கண்ட ஓடு உருகிப் பிறந்தது. அதனால் அதன் ஆரம்ப ஸ்ட்ரான்சியம் விகிதமே 0.710-க்கு மேல். பேராக்கை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஈயமும் இந்தக் கிரானைட்டோடு வந்ததுதான். கோட்டுக்குக் கிழக்கே, பகாங், திரெங்கானு பக்கம் உள்ள கிரானைட்டில் பெரும்பாலானவை வேறு வகை. அவற்றின் ஆரம்ப விகிதம் பொதுவாக அதைவிடக் குறைவு, எப்சிலான் எண்ணும் அவ்வளவு கீழே போவதில்லை.

ஆக, பேராக் ஆறு பெரும்பகுதி ஒரே பக்கத்துப் பாறையைத்தான் அரித்துக்கொண்டு வருகிறது. பகாங் ஆறு அப்படி இல்லை. அதன் மேற்குக் கிளைகள் தித்திவங்சாவின் மறுசரிவிலிருந்து இறங்குகின்றன, மற்றவை கிழக்குப் பாறைகளின் மீது ஓடுகின்றன. இரண்டு ஆறுகளும் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பிடி சேறு எடுத்தால், ஒன்று ஒரு நிலத்தின் முகவரி, மற்றது இரண்டு நிலங்களின் கலவை.

கலவை என்று சொன்னதும் கணக்கு வந்துவிடுகிறது. இந்த முறையின் உயிரே அந்தக் கணக்குதான். ஆற்றுச் சேறு எப்போதும் கலவை. அளந்த விகிதம் இரண்டு பாறைகளின் விகிதங்களுக்கு நடுவே எங்கோ விழும். நடுவில் விழுந்தால் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிடலாமா? கூடாது. ரப்பர் தோட்டத்தில் பால் எடை போட்டவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வாளியில் மழைத் தண்ணீர் கலந்த பால், இன்னொரு வாளியில் கெட்டிப் பால். இரண்டையும் சம லிட்டர் ஊற்றி உறையவைத்தாலும், ஷீட்டில் இருக்கும் ரப்பரில் பெரும்பங்கு கெட்டிப் பாலுடையதுதான். சேற்றில் ஸ்ட்ரான்சியம் அந்த ரப்பரின் இடத்தில் இருக்கிறது.

எண்ணை வைத்துப் பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். முதல் பாறையின் மண்ணில் விகிதம் 0.740, ஒரு கிராமுக்கு 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரான்சியம். இரண்டாவது பாறையின் மண்ணில் விகிதம் 0.710, ஆனால் ஒரு கிராமுக்கு 300 மைக்ரோகிராம். ஆற்றில் அளந்தால் சரியாக நடுவில், 0.725. முதல் மண்ணிலிருந்து வரும் ஒவ்வொரு கிராமும் 100 மைக்ரோகிராமால்தான் இழுக்கிறது, இரண்டாவது மண்ணின் கிராம் 300 மைக்ரோகிராமால் இழுக்கிறது. நடுவில் நிற்க வேண்டுமென்றால் முதல் மண் மூன்று பங்கு இருந்தாக வேண்டும். அதாவது சேற்றில் நான்கில் மூன்று பங்கு முதல் பாறையினுடையது. பாதி பாதி என்று சொல்லியிருந்தால் ஒரு மலையின் மீது விழ வேண்டிய பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கை இன்னொரு மலைமீது ஏற்றியிருப்போம். ஸ்ட்ரான்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளக்காமல் விகிதத்தை மட்டும் வைத்துப் பங்கு பிரிப்பது தவறு.

மூன்று பாறைகள் கலந்திருந்தால் ஓர் எண் போதாது, நியோடிமியமும் சேர வேண்டும். நான்கு என்றால் காரீயத்தின் (நம் சுரங்கத்து வெள்ளீயம் அல்ல) ஐசோடோப்புகளையும் சேர்ப்பார்கள். யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டாகும் 206, 207, 208 என்ற மூன்றையும், சிதைவால் கூடாத 204-ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்பது அது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு நைல் நதியைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நீல நைல் எத்தியோப்பியாவின் எரிமலைப் பீடபூமியிலிருந்து வருகிறது. அதன் வண்டலில் ஸ்ட்ரான்சியம் விகிதம் குறைவு. வெள்ளை நைல் ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கண்டப் பாறைகளின் மேலிருந்து வருகிறது. அதன் விகிதம் அதிகம், எப்சிலான் மிகக் கீழே. நைல் டெல்டாவில் துளை போட்டு எடுத்த வண்டலை அடுக்கு அடுக்காக அளந்தால், எந்தக் காலத்தில் எந்தக் கிளை எவ்வளவு மண் கொண்டுவந்தது என்று தெரிகிறது. எத்தியோப்பியாவில் மழை குறைந்தால் மலையில் செடிகொடி குறையும், மண் அதிகம் அரிக்கும், டெல்டாவின் விகிதம் இறங்கும். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் நைலின் நீரோட்டம் வெகுவாகக் குறைந்ததை இந்த ஸ்ட்ரான்சியம் எண்களை வைத்துக் காட்டியது. எகிப்தின் பழைய அரசு சரிந்த காலம் அது. பிரமிடுகள் கட்டிய அரசின் கடைசி நாட்களைப் பற்றி ஆற்றுச் சேறு சாட்சி சொல்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, பிளஸ் ஆற்றுக்கு வருவோம். மாதிரி எடுப்பது எப்படி? பெருவெள்ளம் வடிந்த பிறகு, ஆறு வளையும் இடத்தின் உள்பக்கக் கரையில் மென்மையான புது வண்டல் படிந்திருக்கும். அதுதான் வேண்டும். ஒரே இடத்தில் அள்ளாமல், பத்திருபது அடி நீளத்தில் அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் கரண்டிதான், இரும்பு கூடாது. பாலத்துக்கு நேர் கீழே எடுக்கக் கூடாது. சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது, உதிரும் கான்கிரீட்டில் அதன் ஸ்ட்ரான்சியம் இருக்கும். இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்கு உடனே கீழேயும் எடுக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதை நாமே பார்த்திருக்கிறோம். அங்கே இடது கரைச் சேறும் வலது கரைச் சேறும் வேறு வேறு. சேருவதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் ஒன்று, நன்றாகக் கலந்த பிறகு கீழே ஒன்று, இதுதான் முறை.

ஆய்வுக்கூடத்தில் நைலான் சல்லடையில் சலித்து 63 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவுத் துகளை ஒப்பிட்டால்தான், முன்பு சொன்ன மணல், களிமண் குழப்பம் வராது. பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கழுவிச் சுண்ணாம்பை நீக்குவார்கள். மிஞ்சிய தூளில் மிகச் சிறிய அளவை டெஃப்லான் குடுவையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் விட்டுச் சூடாக்குவார்கள். பாறைத் தூளில் உள்ள சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியையே கரைத்துவிடும் அமிலம் அது. தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி எலும்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் யாரும் தொடக் கூடாது.

அடுத்த படி எனக்கு மிகவும் பிடித்தது. ரூபிடியம்-87, ஸ்ட்ரான்சியம்-87 இரண்டுக்கும் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையை வைத்துப் பிரிக்கும் கருவிக்கு எது எதுவென்று தெரியாது. ஆகவே கருவிக்குப் போவதற்கு முன்பே ரூபிடியத்தை வேதியியல் முறையில் வெளியேற்ற வேண்டும். சிறிய குழாயில் ஒரு வகைப் பிசின் மணிகளை நிரப்பிக் கரைசலை ஊற்றுவார்கள். நைட்ரிக் அமிலத்தில் இருக்கும்வரை பிசின் ஸ்ட்ரான்சியத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும், ரூபிடியம் வழிந்து போய்விடும். அப்புறம் வெறும் சுத்தத் தண்ணீரை ஊற்றினால் ஸ்ட்ரான்சியம் தானே விட்டுக்கொடுத்து வெளியே வரும். அந்தச் சில துளிகளைத்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைக்கிறார்கள். கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, உலகமெங்கும் ஒரே தர மாதிரியை அளப்பார்கள். அது 0.71025-ஐ ஒட்டி வர வேண்டும்.

எண்கள் வந்துவிட்டன. வரைபடம் எப்படி வரைவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. மாதிரி எடுத்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு இடையே நிறத்தைப் பரப்பிவிடுகிறார்கள். மழை அளவுக்கோ வெப்பநிலைக்கோ அது பொருந்தலாம். ஆற்றுச் சேற்றுக்குப் பொருந்தாது. லிந்தாங் பக்கம் ஆற்றில் எடுத்த ஒரு பிடி சேறு லிந்தாங்கைப் பற்றிப் பேசவில்லை, அதற்கு மேலே அந்த ஆற்றுக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதி முழுவதையும் பற்றிப் பேசுகிறது. ஆகவே முதலில் ஒவ்வொரு மாதிரி இடத்துக்கும் மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை வரைய வேண்டும். அந்தப் பகுதிக்குத்தான் நிறம். கீழே உள்ள மாதிரியின் பகுதிக்குள் மேலே உள்ள மாதிரியின் பகுதி அடங்கியிருக்கும். கீழ் எண்ணிலிருந்து மேல் பங்கைக் கழித்தால், இரண்டுக்கும் இடையே உள்ள நிலம் மட்டும் என்ன தருகிறது என்று தெரியவரும்.

நம் பகுதியில் இந்தக் கழித்தலைக் குழப்பும் விஷயங்கள் பல உண்டு. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-லிருந்து இருக்கிறது, பிறகு மேலே தெமெங்கோர் முதலிய அணைகள் வந்தன. வண்டல் ஏரிகளில் தங்கிவிடுவதால், கீழே தெலுக் இந்தானில் எடுக்கும் சேறு பழைய பேராக் ஆற்றின் சேறு அல்ல. அணைகளுக்குக் கீழே வந்து சேரும் கிந்தா போன்ற கிளைகளின் பங்கு அதில் கூடியிருக்கும். ஈயச் சுரங்கங்கள் பள்ளத்தாக்கின் மண்ணைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவை. ஆறு இன்று அரிப்பது மலையை அல்ல, ஒரு தலைமுறைக்கு முன் மனிதர்கள் கொட்டிய மணல் மேட்டை என்று இருக்கலாம். ஐசோடோப்பு இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

தோட்ட உரமும் கணக்கில் வரும். செம்பனைக்கும் ரப்பருக்கும் போடும் பாறைப் பாஸ்பேட்டில் கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்தது நெடுங்காலமாகப் பழக்கம். அதில் வரும் ஸ்ட்ரான்சியம் கடல்நீரின் விகிதத்தை ஒட்டியது. அசிட்டிக் அமிலக் கழுவல் சுண்ணாம்பை நீக்கும் அளவுக்குப் பாஸ்பேட்டை நீக்கும் என்று நம்ப முடியாது. அதனால் தோட்டத்து வாய்க்கால் அருகே எடுக்கும் மாதிரியைத் தனியாகக் குறித்துவைப்பது நல்லது.

இன்னொரு விருந்தாளி வானத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது அதன் சாம்பல் பேராக் பள்ளத்தாக்கிலும் விழுந்தது. 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில் அந்தச் சாம்பலோடு கற்காலக் கருவிகள் கிடைத்தன. அந்தச் சாம்பல் அடுக்கை அரித்துவரும் ஓடையில் பேராக்கின் எந்தப் பாறைக்கும் பொருந்தாத விகிதம் வரலாம். அந்த மண் இங்கே பிறக்கவே இல்லை.

இனி இந்த முறையால் முடியாததைச் சொல்ல வேண்டும். ஐசோடோப்பு பாறையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஒரே கிரானைட் மலையின் ஒரு சரிவில் மரம் வெட்டுகிறார்கள், மறு சரிவில் மறுநடவு நடக்கிறது என்றால், இரண்டு சேற்றுக்கும் விகிதம் ஒன்றுதான். அங்கே வேறு உதவி வேண்டும். 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் சீசியம்-137 உலகமெங்கும் மழையோடு இறங்கி மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. ஆற்றுச் சேற்றில் அது இருந்தால் மேல்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். இல்லையென்றால் ரோடு வெட்டிய சரிவோ, இடிந்த ஆற்றங்கரையோ, ஆழத்து மண் வருகிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது குறைவாகத்தான் விழுந்தது, அதனால் கருவியில் நெடுநேரம் வைத்து அளக்க வேண்டும். ஆனாலும் எந்தக் கிளையாறு என்பதை ஐசோடோப்பும், மேல்மண்ணா ஆழத்து மண்ணா என்பதைச் சீசியமும் சொன்னால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

சேற்றை மொத்தமாகக் கரைக்காமல் மணலை ஒவ்வொன்றாக விசாரிக்கும் முறையும் உண்டு. ஈயம் கழுவிய பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலை அமாங் என்று நாம் அறிவோம். அதில் இல்மனைட், மோனசைட்டோடு சிர்கான் என்ற சின்னஞ்சிறு படிகங்களும் கிடக்கின்றன. சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், காரீயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. பிறகு அதில் காணும் காரீயம் எல்லாம் யுரேனியம் சிதைந்து வந்தது. இரண்டையும் அளந்தால் அந்த மணியின் வயது கிடைக்கும். லேசரால் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளைச் சுட்டுப் பார்ப்பார்கள். 200 மில்லியனை ஒட்டிய வயதுகள் குவிந்தால் தித்திவங்சா கிரானைட்டிலிருந்து நேராக வந்த மணல். ஒரு பில்லியனைத் தாண்டிய மணிகள் கலந்திருந்தால், பழைய மணற்கல்லும் சிஸ்டும் அரிக்கப்பட்டு வருகின்றன. அமாங்கில் தோரியம் உள்ள கனிமங்கள் இருப்பதால் அது லேசான கதிர்வீச்சு உள்ள பொருள். பழைய குவியலிலிருந்து அள்ளி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊர் ஆற்றை இப்படிப் பார்க்க ஆசைப்படும் பள்ளியோ இளைஞர் மன்றமோ ஆய்வுக்கூடத்தைத் தேடி ஓடுவதற்கு முன், கனிம புவி அறிவியல் துறையின் நிலவியல் வரைபடத்தை வாங்கி விரிக்கட்டும். பிளஸ் ஆற்றின் ஒவ்வொரு கிளையையும் பென்சிலால் அதன் தலைவரை தொடர்ந்து போய், அது எத்தனை பாறை நிறங்களைக் கடக்கிறது என்று எழுதுங்கள். ஒரு கிளை கிரானைட் நிறத்தில் மட்டும் ஓடி, பக்கத்துக் கிளை சிஸ்டில் மட்டும் ஓடினால், அந்த இரண்டும் சேரும் இடத்தைச் சுற்றித்தான், முன்பு சொன்ன முறைப்படி, முதல் மூன்று மாதிரிகளை எடுக்க வேண்டும். இரண்டு கிளையும் ஒரே நிறத்தில் ஓடினால் அங்கே இந்தச் செலவு வேண்டாம், சீசியத்திலிருந்து ஆரம்பியுங்கள்.